விட்டுவைத்த எட்டு வரிசை

ஜூன் 4

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலம். நீங்கள், அக்கா, பிள்ளைகள், மாடுகள் எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? மாடுகளை ஏன் இவன் விசாரிக்கிறான் என்று அக்கா கேட்பாள். போன தடவை விசாரிக்காமல் விட்டதற்கு நீங்கள் அரைப் பக்கம் கிண்டல் செய்திருந்தீர்கள். அதற்குத்தான்.

என் அறை இப்போது தானியக் கிடங்கின் மாடியில் இருக்கிறது. தகரக் கூரை. மேசையின் ஒரு கால் குட்டை என்பதால், அதன் அடியில் எங்கள் பயிற்சிப் புத்தகத்தை மடித்து வைத்திருக்கிறேன். அந்தப் புத்தகம் உருப்படியாகச் செய்த முதல் வேலை அதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பொய் சொல்லிவிட்டேன் மச்சான். அதுவும் உங்களை வைத்து.

இந்த ஊரில் கேழ்வரகு போடுகிற இருபத்திரண்டு குடும்பங்களை விவசாய ஆபீசில் என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா? யாருக்கும் ஒரு ஏக்கர்கூட முழுதாக இல்லை. அதில் விளைவதுதான் அவர்களுக்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு. இவர்கள் காலங்காலமாக விதையைக் கையால் வீசி விதைக்கிறவர்கள். நான் வந்து, "நாற்று விட்டு, பத்து அங்குலத்துக்கு ஒன்றாக நடுங்கள், ஒன்றுக்கு இரண்டாக விளையும்" என்கிறேன். நேற்று எல்லோரையும் கிடங்குக் கூடத்தில் உட்காரவைத்து, முடிச்சுப் போட்ட கயிற்றை நீட்டிக் காட்டி, தொண்டை வறளப் பேசினேன். தலையாட்டினார்கள். பாதி ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்த நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். நாற்பது வயதிருக்கும். இரண்டு பெண் பிள்ளைகள், முக்கால் ஏக்கர், தனி ஆள். ஊரே அவரைக் கேள்விக்காரி என்றுதான் கூப்பிடுகிறது. அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கிறார்.

"எல்லாம் சரி தம்பி. உங்க வீட்டு ஆளுங்க நிலத்துல இப்படித்தான் நடுறாங்களா?"

கூடமே என் வாயைப் பார்த்தது. என் நாக்கு என்னைக் கேட்காமலே புரண்டுவிட்டது. "எங்க அக்கா வீட்டுக்காரர் மூணு வருஷமா இப்படித்தான் நடுறார்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்போ கதிர் முத்துற சமயத்துல ஒரு நடை போய்ப் பாத்துட்டு வருவோம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அதைக் கேட்ட பிறகுதான் இருபத்திரண்டு பேரும் சம்மதித்தார்கள். ரோட்டோரம் ஒரு மூலையில், நான்கைந்து வரிசை போதும், எனக்காக நட்டுவைக்க முடியுமா?

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

மச்சினன்

—

ஜூன் 11

மாப்பிள்ளைக்கு மச்சான் எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மாடுகளிடம் நீ கேட்டதாகச் சொன்னேன். வெள்ளை மாடு தலையை ஆட்டியது. ஈக்காக ஆட்டியிருந்தாலும் உன் கணக்கிலேயே வைத்துக்கொள்.

மூன்று வருஷமாக நான் செய்துவரும் காரியம், நீ எழுதித்தான் எனக்கே தெரியவந்தது. இன்னும் என்னென்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று ஒரு பட்டியல் போட்டு அனுப்பு. ஊரில் யாராவது கேட்டால் முழிக்காமல் இருக்கலாம்.

உன் அக்கா படித்துவிட்டு, "சின்ன வயசுலயே இவன் இப்படித்தான். மாட்டிக்கிட்டா பக்கத்துல நிக்கிறவங்கள இழுத்து விட்டுருவான்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மூலை கேட்டிருக்கிறாய். என் நிலத்தில் பொய்க்கென்று மூலை ஒதுக்குகிற வழக்கம் இல்லை. வந்து பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நீ. அவிழ்க்க வேண்டியதும் நீதான்.

இது வேறு விஷயம், சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அரை நிலத்துக்கு, அதாவது முக்கால் ஏக்கருக்கு, விதை எவ்வளவு பிடிக்கும்? மேட்டுப்பாத்தியில் விடுவதா, சமதரையில் விடுவதா? எத்தனையாம் நாள் பிடுங்குவது? போனில் கூப்பிட்டுச் சொல்லாதே. என் வலது காது பாதி நேரம்தான் வேலைக்கு வருகிறது. தெளிவாக எழுது.

நீ எப்போது வருகிறாய் என்று உன் அக்கா கேட்கிறாள்.

மச்சான்

—

ஜூன் 19

அன்புள்ள மச்சானுக்கு,

வெள்ளை மாட்டுக்கு என் நன்றி. கறுப்பு மாடு என்ன சொல்லிற்று?

சும்மா கேட்டதற்குச் சும்மா பதில். வீசி விதைத்தால் ஏக்கருக்கு நான்கைந்து கிலோ போகும். நாற்று விட்டால் முக்கால் ஏக்கருக்கு அரைக் கிலோவே தாராளம். மேட்டுப்பாத்திதான். மக்கின எருவும் மணலும் கலந்து, விதையை நெருக்கிப் போடாமல் தூவுங்கள். பதினெட்டிலிருந்து இருபது நாளுக்குள் பிடுங்க வேண்டும். அதற்கு மேல் போனால் நாற்றுக்கு வயதாகிவிடும், நட்டாலும் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

இங்கே இன்னும் மழை பிடிக்கவில்லை. ஜூலையில்தான் நாற்றுவிட வேண்டியிருக்கும். கேள்விக்காரி தினமும் மாடிப்படி ஏறி வருகிறார். நேற்றைய கேள்வி: "மழை வரலைன்னா உங்க மச்சான் என்ன பண்ணுவார்?" என் மச்சானுக்கு மழைக்காகக் காத்திருந்து பழக்கமே இல்லாததுபோல் ஒரு சிரிப்புச் சிரித்துச் சமாளித்தேன்.

லீவு கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள். சீசன் முடியட்டும், பார்க்கலாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள்.

மச்சினன்

—

ஜூலை 3

மாப்பிள்ளைக்கு,

எல்லோரும் நலம். பெரியவனுக்கு ஒரு பல் விழுந்தது, சின்னவளுக்கு ஒரு பல் முளைத்தது. வீட்டுக் கணக்கு சரியாக இருக்கிறது.

நான் எதுவும் நாற்று விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆசைப்பட்டு விட்டிருக்கிறார். அவர் கேட்கச் சொன்னார். ஒன்பதாம் நாளில் மூன்று இலை வந்திருக்கிறது, நுனி கொஞ்சம் மஞ்சள் அடிக்கிறது, பயப்படலாமா? நடும்போது குழிக்கு ஒன்றா இரண்டா? நட்ட பிறகு வேறு என்ன செய்ய வேண்டும்? சீக்கிரம் எழுது. அவர் என் பிராணனை வாங்குகிறார்.

உன் அக்கா கேட்கிறாள், எப்போது வருகிறாய் என்று.

மச்சான்

—

ஜூலை 9

அன்புள்ள மச்சானுக்கு,

பல் கணக்கு கேட்டுச் சந்தோஷம்.

பக்கத்து வீட்டுக்காரர் தையல்காரர் அல்லவா? அவருக்கு நிலம் எப்போது வந்தது? சரி, நான் கேட்கவில்லை. மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். மாட்டுக் கோமியத்தைப் பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து தெளித்தால் தெளிந்துவிடும். குழிக்கு ஒரே ஒரு நாற்று. நட்டு முடித்ததும் நிலம் மொட்டையாகத் தெரியும், ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். நட்ட இருபத்தைந்தாம் நாள் வாக்கில் பரம்புக் கட்டையை எடுத்துப் பயிரின் மேலேயே ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். நான் தவறாக எழுதவில்லை மச்சான். உழுத மண்ணைச் சமப்படுத்துவோமே, அதே கட்டைதான், பச்சைப் பயிரின் மேல். பயிர் மடங்கும். பார்க்கப் பதறும். மூன்றாம் நாள் நிமிர்ந்துவிடும். பயப்பட வேண்டாம். மடங்கிய இடத்தில் புது வேர் விட்டு, பக்கத்திலிருந்து இருபது முப்பது தூர் வெடிக்கும். ஒவ்வொரு தூருக்கும் ஒரு கதிர். மொத்த விளைச்சலும் அந்த ஒரு இழுப்பில்தான் இருக்கிறது.

இதைச் சொன்னபோது கூடத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். கேள்விக்காரி மட்டும் உட்கார்ந்திருந்து, "உங்க மச்சான் இழுத்தாரா?" என்றார். "இழுத்தார்" என்றேன். பொய் ஒன்று சொன்னால் அது குட்டி போடுகிறது.

அக்காவிடம் சொல்லுங்கள், லீவுக்கு முயற்சி செய்கிறேன்.

மச்சினன்

—

ஜூலை 21

மாப்பிள்ளைக்கு,

சௌக்கியம். உனக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறதா என்று தையல்காரர் கேட்கச் சொன்னார். "தச்ச சட்டைய யாராவது போட்டு மிதிப்பாங்களா?" என்கிறார். வாடும் பயிருக்குத் தண்ணீர் சுமக்கிறவனிடம் போய், கட்டையை எடுத்து அதன் தலையில் இழு என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

பதின்மூன்றாம் தேதி அவர் நட்டு முடித்துவிட்டார். நிலம் மொட்டையடித்த மாதிரி கிடக்கிறது. ரோட்டில் போகிறவன் எல்லாம் நின்று, "விதை தீந்துபோச்சா?" என்று கேட்கிறான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார்.

ஆனாலும் அந்த மனுஷன் பிடிவாதக்காரர். நீ சொன்னதைச் சொன்னபடி செய்து பார்க்கப் போகிறாராம். பரம்பு ஓட்டுவது அவருக்குக் கைவந்த கலை. இருபது வருஷமாக ஓட்டுகிறார். தையல்காரருக்கு அது எப்படி வந்தது என்று நீ கேட்காதே.

அக்கா கேட்பது உனக்கே தெரியும்.

மச்சான்

—

ஆகஸ்ட் 16

அன்புள்ள மச்சானுக்கு,

நலமா? உங்களிடமிருந்து கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. தபால்காரர் என்னைப் பார்த்தாலே தூரத்திலிருந்து கையை விரிக்கிறார். தையல்காரர் எப்படி இருக்கிறார்? கட்டை இழுத்தாரா? யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா? ஒரு வரியாவது போடுங்கள்.

இங்கே ஜூலை கடைசியில் நட்டோம். இப்போது அடைமழை. இருபத்தாறாம் தேதி கட்டை இழுக்க நாள் குறித்திருக்கிறோம். முதல் நிலம் கேள்விக்காரியுடையது. மாடும் கட்டையும் தயாராக வைத்திருக்கிறார். எழுந்துபோன பாதிப் பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். என் பேச்சுக்காக வரவில்லை. கேள்விக்காரி இழுக்கிறார் என்றால் யோசிக்காமல் இழுக்கமாட்டார் என்று வந்திருக்கிறார்கள். அவர் என் வார்த்தையை நம்பித்தான் இழுக்கிறார். இது தப்பினால் அந்தப் பெண் பிள்ளைகளுக்கு இந்த வருஷம் சாப்பாடு இல்லை. ராத்திரி கூரையில் மழை விழும்போதெல்லாம் அந்த நினைப்புத்தான்.

பதில் போடுங்கள்.

மச்சினன்

—

ஆகஸ்ட் 21

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நன்றாக இருக்கிறாயா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு உன் மச்சான் மடித்து ஜன்னலில் வைத்துவிட்டார். பதில் எழுதவில்லை. அவருக்குத் தெரியாமல் நான் எழுதுகிறேன்.

தையல்காரர் என்று யாரும் இல்லை. அது உனக்கும் தெரியும். பாதி நிலத்தில் இவர்தான் நட்டார். நாற்று விட்ட நாளிலிருந்து காலையில் எழுந்ததும் அதன் முகத்தில்தான் முழிக்கிறார். ஆகஸ்ட் ஏழாம் தேதி கட்டை இழுத்தார். பரம்பு ஓட்டுவதென்றால் இவருக்கு ஒரே முறைதான் தெரியும். நல்ல மழை பெய்து மண் குழைந்திருக்க வேண்டும், மாட்டைப் பூட்ட வேண்டும், கட்டைமேல் ஏறி நிற்க வேண்டும். அப்படியேதான் செய்தார். நீ வேறு மாதிரி எழுதவில்லை. பயிர் மடங்கும், பயப்படாதே என்று எழுதியிருந்தாய். மடங்குகிறது, மடங்குகிறது என்று சொல்லிக்கொண்டே போனார். ஏழு அடிக் கட்டை. அந்தக் கடைசி வரப்பில் மாட்டைத் திருப்பும்போதுதான் பின்னால் பார்த்தார். எட்டு வரிசைப் பயிரும் வேரோடு பெயர்ந்து சேற்றில் அப்பிக் கிடந்தது. ஒன்றுகூட மடங்கவில்லை தம்பி, அத்தனையும் செத்துவிட்டது.

அப்போதும் உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐந்து நாள் கழித்து மண் காய்ந்தது. அவரே யோசித்து, "இத கையால இழுத்துப் பாப்போம், மேல யாரும் ஏற வேணாம்" என்றார். லேசான கட்டையாகப் பார்த்து, ஆளுக்கொரு பக்கம் கயிற்றைப் பிடித்து நானும் அவரும் இழுத்தோம். மடங்கியது. நீ எழுதின மாதிரியே மூன்றாம் நாள் நிமிர்ந்தது. மிச்ச நிலம் முழுவதும் இப்போது தழைத்து நிற்கிறது.

அந்த எட்டு வரிசையில் மிச்ச நாற்றை நட்டு மூடிவிடலாம் என்றேன். கூடாதென்றுவிட்டார். "அப்படியே கிடக்கட்டும். வர்றவங்க அதையும் பாக்கட்டும்" என்கிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வேறு யாரும் உன்னிடம் சொல்லப் போவதில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொண்டுவந்து கொடுத்த விதை அவ்வளவும் பதராகப் போனது. அந்த வருஷம் இவர் எட்டு மாதம் கல்குவாரிக்குப் போனார். வலது காது போனது அங்கேதான், வெடிச் சத்தத்தில். நீ கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அதற்கப்புறம் நீ இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. லீவு இல்லை, லீவு இல்லை என்றே எழுதுகிறாய். எனக்குக் கோபம் விதைமேல் இல்லை, உன் லீவுமேல்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

—

ஆகஸ்ட் 30

அன்புள்ள மச்சானுக்கு,

அக்காவைத் திட்டாதீர்கள். அவள் கடிதம் இருபத்தாறாம் தேதி காலை வந்தது. வராமல் போயிருந்தால் இங்கே இருபத்திரண்டு நிலமும் போயிருக்கும்.

ஈர மண்ணில் இழுக்கக் கூடாது, மேலே ஆள் ஏறக் கூடாது என்று உங்களுக்கு எழுதத் தவறியதுபோலவே இவர்களிடமும் நான் சொல்லவில்லை மச்சான். பயிற்சி நிலத்தில் இரண்டு பேர் கையால் இழுத்ததைத்தான் நான் பார்த்திருக்கிறேன். வேறு விதமாக யாரும் இழுப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பரம்பு ஓட்டிப் பழகின எல்லாருக்கும் ஏறி நிற்பதுதான் பழக்கம் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

படித்த கையோடு நான் ஓடியபோது மாடு பூட்டியாகிவிட்டது. கேள்விக்காரி ஒரு காலைக் கட்டைமேல் வைத்துவிட்டார். ஊரே வரப்பில் நின்றது. வரப்பு வழுக்கி நான் விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்தே, "இறங்குங்கம்மா!" என்று கத்தினேன்.

"ஏன்?" என்றார். வேறென்ன கேட்பார்?

சேற்றோடு எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் மூன்று வருஷமாக நடவில்லை, இந்த வருஷம்தான் முதல் தடவை, அதுவும் நான் சொன்ன பொய்யால். இப்படி ஏறி நின்றுதான் எட்டு வரிசை போயிற்று. தப்பு அவருடையது இல்லை, நான் முழுசாகச் சொல்லாததுதான். மாடு வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. நான் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

கேள்விக்காரி காலை எடுத்தார். மாட்டை அவிழ்த்தார். "மண்ணு காயட்டும், நாலு நாள் கழிச்சு வாங்க" என்று எல்லோரையும் அனுப்பினார். பிறகு என்னிடம் வந்தார்.

"முதல்ல சொன்னது பொய்யா, இப்போ சொல்றது பொய்யா?"

"முதல்ல சொன்னதும்மா."

"அப்போ கண்டிப்பா போய்ப் பாக்கணும். அந்த எட்டு வரிசைய."

இன்று காலை காய்ந்த மண்ணில் கையால் இழுத்தோம். மடங்கி நிற்கிறது. இனி நாள் எண்ண வேண்டியதுதான்.

அந்த வருஷத்தைப் பற்றியும் எழுத உட்கார்ந்தேன். இரண்டு தாள் கிழித்துவிட்டேன். பிறகு எழுதுகிறேன்.

மச்சினன்

—

செப்டம்பர் 9

மாப்பிள்ளைக்கு,

நலம். உன் அக்காவைத் திட்டினேன். அவள் திருப்பித் திட்டினாள். இரண்டு பேருக்கும் பசித்தது, சாப்பிட்டோம்.

ஈர மண், காய்ந்த மண் பற்றி நான் அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். எட்டு வரிசையைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இருபது வருஷம் பரம்பு ஓட்டினவன் கடைசி வரப்பு வரைக்கும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை என்று யாருக்கு எழுதுவது? உன் ஊர் ஜனங்கள் என் வெட்கத்தால் கெட்டிருப்பார்கள். அது என் தப்பு. கணக்கில் வைத்துக்கொள்.

நேற்று ஒரு பயிரில் இருபத்தேழு தூர் எண்ணினேன். உன் அக்கா முப்பத்தொன்று என்கிறாள். அவள் எப்போதும் தன் பக்கத்துப் பயிரைத்தான் எண்ணுவாள்.

கிழித்த தாளை ஒட்ட வேண்டாம்.

நீ எப்போது வருகிறாய் என்று உன் அக்கா கேட்கிறாள்.

மச்சான்

—

அக்டோபர் 10

அன்புள்ள மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் கையில் தருகிறவர்தான் கேள்விக்காரி. கூட ஆறு பேர். கிடங்கு வேனை அதிகாரியிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். நானும் ஏறப்போனேன். "நீங்க வர வேணாம் தம்பி. நீங்க பக்கத்துல இருந்தா அவர் உங்களுக்காகப் பேசுவார்" என்று இறக்கிவிட்டார். அவர் சொல்வது நியாயம்தான். ஏறாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியும்கூட. அதை மறைக்கவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் நடந்ததையும் அவரிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம் வாய் வராதது அவரிடம் வந்தது. அடுத்த வருஷமும் இப்படி நடுவதா, பழையபடி வீசுவதா என்று உங்கள் நிலத்தைப் பார்த்துத்தான் ஊர் முடிவு செய்யுமாம். எனக்காக எதையும் கூட்டிச் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். உங்களுக்கு மனசில் என்ன படுகிறதோ அதைச் சொல்லுங்கள்.

மச்சினன்

—

அக்டோபர் 14

மாப்பிள்ளைக்கு மச்சான் எழுதுவது.

வீட்டில் எல்லோரும் நலம். ஏழு விருந்தாளிகள் வந்துபோனதில் உன் அக்காவுக்குத்தான் தொண்டை கட்டிவிட்டது. இனி கொஞ்ச நாள் வீட்டில் நான்தான் பேச வேண்டும்.

அந்த அம்மா வேனை விட்டு இறங்கினதும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கதிர் சாய்ந்து நிற்கிற நல்ல பயிரைத் திரும்பியும் பார்க்காமல் நேரே போய் அந்த எட்டு வரிசைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். மட்கிக் கிடந்த வேர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் வாயைத் திறந்தார். திறந்தார் என்றால், அப்புறம் மூடவில்லை.

"இத ஏன் நட்டு மூடல?"

"மூடினா நீங்க வந்து எதப் பாப்பீங்க?"

"எல்லாரும் சிரிச்சிருப்பாங்களே?"

"சிரிச்சாங்க. நாத்து நட்டப்பவே சிரிச்சாங்க. பழகிப்போச்சு."

பிறகு பழைய முறையில் வீசின பாதியில் பத்துப் பயிர், நட்ட பாதியில் பத்துப் பயிர் என்று பிடித்து, தூரை அவரே எண்ணினார். யாரையும் எண்ண விடவில்லை. நட்டதில் ஒன்றில் முப்பத்துநான்கு இருந்தது. உன் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

எல்லாம் முடிந்து வரப்பில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது கேட்டார்.

"முன்னாடி ஒரு தடவை இந்தத் தம்பி பேச்சக் கேட்டு உங்களுக்குக் கெட்டுப்போச்சாமே? அப்புறமும் ஏன் கேட்டீங்க?"

கூட வந்தவர்கள் டீயை வாயருகே வைத்தபடி நின்றுவிட்டார்கள். உன் அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

நான் சொன்னேன்: "விதை அவன் கொண்டுவந்தான். நிலம் முழுக்க அதையே விதைச்சது என் கை. ஒரு ஓரமா போட்டுப் பாருங்கன்னுதான் அவன் சொன்னான். நான்தான் ஆசைப்பட்டேன். காது போனதும் அப்படித்தான். வெடி வைக்கிறாங்க, தள்ளிப் போன்னு சொன்னான் அங்க இருந்தவன். நான் போகல. கட்டைமேல ஏறின ஆளு நான், எங்கே போனாலும் அதே ஆளுதான். அந்த ஒரு போகம் கெட்டது பெருசா தெரியலம்மா. அதுக்காக அவன் ஆறு வருஷமா வீட்டுக்கு வரல. நஷ்டம்னா அதுதான். இந்த வருஷம் அவன் ஒரு பொய்யச் சொல்லி உதவி கேட்டப்போ, எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு. ஆறு வருஷம் கழிச்சு அவன் எங்கிட்ட ஒண்ணு கேட்டான். கேட்டது கேழ்வரகா போச்சு. கிணறு வெட்டச் சொல்லியிருந்தாலும் வெட்டியிருப்பேன்."

அந்த அம்மா மிச்ச டீயைக் குடித்து முடித்தார். பிறகு, "அடுத்த வருஷம்?" என்றார்.

"முழு நிலமும் நடவுதான். காஞ்ச மண்ணு, லேசான கட்டை, கை இழுப்பு."

"அப்போ நாங்களும்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். போகும்போது அந்த மட்கின வேரை ஒரு தாளில் மடித்து எடுத்துப்போனார். கூடத்தில் வைத்துக் காட்டுவாராம்.

மாப்பிள்ளை, கடைசியாக ஒன்று. நீ எப்போது வருகிறாய் என்று உன் அக்கா கேட்கிறாள் என ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினேன் அல்லவா? இரண்டாம் வருஷமே அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். வருகிறவன் வருவான் என்று கோபமாக இருந்துவிட்டாள். அதற்கப்புறம் கேட்டதெல்லாம் நான்தான்.

மச்சான்

—

நவம்பர் 9

மச்சான்,

அறுப்பு முடிந்தது. கேள்விக்காரி வீட்டில் தானியக் குதிர் நிரம்பி, மிச்சத்தை என் அறையில் மூட்டையாகப் போட்டிருக்கிறார்கள். அடுத்த வருஷம் என்னைக் கூப்பிடாமலே நட்டுக்கொள்வார்களாம். கட்டை இழுக்கிற அன்றைக்கு மட்டும் வந்து நிற்கச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பத்து நாள் இருப்பேன். லீவு கேட்டேன், உடனே கொடுத்துவிட்டார்கள். ஆறு வருஷத்தில் நான் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறேன் என்று அதிகாரி ஆச்சரியப்பட்டார். அக்காவிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள். நேரில் சொன்னால் அடிப்பாள்.

உங்கள் இடது காதுப் பக்கமாக உட்கார்ந்து பேசுகிறேன். நான் வரும்வரை அந்த எட்டு வரிசையை உழ வேண்டாம்.

மச்சினன்